சமையல் குறிப்புகளில் பதத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவரும் சமையல் பக்கம் குறித்து வாசகர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். ‘தேவையான அளவு’, ‘சிறிதளவு’, ‘ஒரு கைப்பிடி’ போன்ற சொற்கள் புதிதாகச் சமைக்க வருபவர்களைத் திண்டாட வைக்கின்றன என்றும், இனிமேல் உப்பு உட்பட எல்லாப் பொருள்களின் எடையையும் கிராமில் அச்சிட வேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார். அவர் படும் திண்டாட்டம் உண்மையானது. கேட்கும் மருந்துதான் பொருந்தவில்லை. ஒரு பொருள் எந்தப் பதத்துக்கு வந்ததும் அடுத்ததைச் சேர்க்கலாம், வீட்டில் இல்லாத பொருளுக்கு ஈடாக எதைப் போடலாம், எதை விட்டுவிட்டாலும் குடி மூழ்கிப்போகாது என்பவற்றைக் குறிப்புகள் சொல்லாமல் விடுவதே பெரும்பாலும் புதியவரைத் தடுமாற வைக்கிறது. இவற்றை அறிந்தவர், வீட்டில் இருக்கும் காயையும் பருப்பையும் முட்டையையும் வைத்து, எந்தக் குறிப்பையும் பாராமல், அரை மணி நேரத்தில் திருப்தியாக உண்ணும்படி ஏதேனும் ஆக்கிவிடுவார். தங்கள் சமையல் பக்கம் அந்த அறிவைத் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் அளவுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அச்சில் ஏறிய எண்ணுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அந்தக் கம்பீரத்துக்கு ஏற்ற துல்லியம் அதில் இருப்பதில்லை. ‘ஒரு கப்’ என்பது அமெரிக்கச் சமையல் நூல்களில் ஏறத்தாழ 237 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லிலிட்டர் என்றால் ஆஸ்திரேலியாவில் 20. ஒரே கப்பில் மாவைச் சலித்துத் தூவி நிரப்பினால் 120 கிராமுக்கு அருகில் நிற்கும். அதே கப்பால் மாவை அழுத்தி மொண்டால் 150 கிராம் வரை ஏறிவிடும். ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம். பரல் பரலாக இருக்கும் உப்பு அதே கரண்டியில் அதைவிடக் குறைவாகவே கொள்ளும். மட்டமாகத் தட்டிய கரண்டியையும் கப்பையும் வீட்டுச் சமையலின் விதியாகப் பரப்பியதில், பாஸ்டன் சமையல் பள்ளியின் முதல்வராக இருந்து 1896-இல் தம் சமையல் நூலை வெளியிட்ட ஃபேனி ஃபார்மருக்குப் பெரும் பங்கு உண்டு. அடுப்பங்கரைக்குப் பழகாதவர் கையிலும் பண்டம் ஒழுங்காக வர வேண்டும் என்ற அவருடைய நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்கான காரணத்தை எழுதாமல் விட்டார்கள்.

கிராமில் எழுதினால் கப்புக் குழப்பம் தீருமே என்று கேட்கலாம். தீரும்தான். ஆனால் 100 கிராம் தக்காளி என்று எழுதிவிட்டதால் அதன் புளிப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடுமா? கனிந்து சிவந்த தக்காளியும் பாதி பழுத்த செங்காயும் ஒரே எடையில் வெவ்வேறு புளிப்பைத் தருகின்றன. ஒரே செடியில் பறித்த மிளகாய்களில்கூட ஒன்றின் காரம் மற்றொன்றுக்கு இல்லை. புதிய பயறு வெந்து மலரும் நேரத்தில், ஆண்டுக்கணக்கில் டப்பாவில் கிடந்த பயறு கல்லாகவே நிற்கும். தராசு எடையைச் சொல்லும். காரத்தையும் புளிப்பையும் பயற்றின் வயதையும் அது எங்கே சொல்லப்போகிறது? அவற்றை நாவும் விரலும்தான் சொல்லியாக வேண்டும்.

எடையைவிட அதிகமாக ஏமாற்றுவது நேரம். ‘வெங்காயத்தை ஐந்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்’ என்ற வரியை எழுதாத சமையல் பக்கம் உண்டா என்று தெரியவில்லை. வெங்காயத்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரையில் வெங்காயத்தின் சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. மேற்பரப்பின் ஈரம் வற்றி, சூடு 140 பாகையை ஒட்டி ஏறும்போதுதான் சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் கூடி, வறுவலின் நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும் வேதிவினை விறுவிறுப்படைகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் 1912-இல் விவரித்த வினை இது. ரொட்டியின் மேலோடு சிவப்பதும், வறுத்த கிழங்கு மணப்பதும் இதனால்தான். எனவே வெங்காயம் சிவக்க எடுக்கும் நேரம், எவ்வளவு வெங்காயம், வாணலி எவ்வளவு அகலம், தீ எவ்வளவு என்ற மூன்றையும் பொறுத்தது. கண்ணாடி போல ஆவதற்கு ஐந்தாறு நிமிடம் போதும்; இனிப்பேறி ஆழ்ந்த பழுப்பாவதற்கு மெல்லிய தீயில் 40 நிமிடம்கூட ஆகலாம். ஐந்து நிமிடம் என்பதை நம்பி அடுத்த பொருளைக் கொட்டியவர், தம் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறார்.

இதே இடத்தில் குறிப்பு சொல்லக்கூடிய இன்னொன்று, காது. காளானையோ நறுக்கிய காயையோ வாணலியில் போட்டால், நீர் விட்டுக்கொண்டிருக்கும்போது கொதிக்கும் ஓசை கேட்கும்; நீர் சுண்டியதும் அந்த ஓசை மாறி, எண்ணெயில் பொரியும் சடசடப்பு வரும். அதற்குப் பிறகே நிறம் பிடிக்கத் தொடங்கும். வாணலி கொள்ளாமல் காயைக் குவித்தால் அந்தச் சடசடப்பு வரவே வராது. காய் தன் ஆவியிலேயே வெந்து துவண்டுவிடும். இரண்டு தவணையாக வதக்குவது நேரத்தை வீணாக்குவதுபோல் தோன்றினாலும், முடிவில் அதுவே விரைவு. இந்த மூன்று வரிகளைக் குறிப்பில் சேர்க்க எந்தத் தராசும் வேண்டியதில்லை.

சோறு வடிக்காமல் பொங்கும்போது வைக்கும் தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான். ‘ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர்’ என்று மனப்பாடம் செய்தவர், அரிசியை மூன்று மடங்காக்கும்போது தண்ணீரையும் மூன்று மடங்காக்கிவிட்டு, சோறு குழைந்துபோனதன் காரணம் தெரியாமல் நிற்கிறார். வைக்கும் தண்ணீரில் ஒரு பகுதியை அரிசி உறிஞ்சுகிறது. மறுபகுதி ஆவியாகப் போகிறது. உறிஞ்சப்படுவது அரிசியின் அளவோடு கூடும். ஆவியாவதோ பாத்திரத்தின் அகலத்தையும் மூடியின் இறுக்கத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது, அரிசியின் அளவோடு அதே விகிதத்தில் கூடாது. இதைப் புரிந்துகொண்டவருக்கு எந்தப் பாத்திரத்திலும் எவ்வளவு அரிசிக்கும் ஒரு கண்திட்டம் கிடைத்துவிடும். உயரமான மலைப்பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறைவதால், 1,500 மீட்டர் உயரத்தில் 95 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும், அங்கே அச்சிட்ட நேரத்துக்குள் பயறு வேகாது. பிரஷர் குக்கர் உள்ளே 120 பாகையை ஒட்டிய சூட்டைத் தருவதால்தான் அங்கு அது கைகொடுக்கிறது.

இனி, குறிப்பே இல்லாமல் சமைப்பவரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதற்கு வருகிறேன். பார்ப்பவர்களுக்கு அது கைப்பக்குவம் என்ற பெயரில் ஏதோ பிறவிக் கொடை போலத் தெரியும். உள்ளே இருப்பது ஓர் ஒழுங்கு. ஒவ்வொரு பொருளையும் அவர் பெயரால் நினைப்பதில்லை. அது செய்யும் வேலையால் நினைக்கிறார். கொழுப்பு ஒன்று வேண்டும், அது எண்ணெயாகவோ வெண்ணெயாகவோ இருக்கலாம். மணத்துக்கு வெங்காயமோ பூண்டோ இஞ்சியோ இருந்தால் நல்லது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது. வயிற்றை நிரப்பப் பருப்போ கிழங்கோ தானியமோ முட்டையோ வேண்டும். புளிப்புக்குத் தக்காளி, எலுமிச்சை, தயிர், வினிகர் எதுவும் ஆகும். கடைசியில் தூவுவதற்குப் பச்சை இலையோ வறுத்த கொட்டையோ கிடைத்தால் உணவுக்கு முகப்பொலிவு வரும். கிடைக்காவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. இப்படி வேலைகளாகப் பார்ப்பவருக்கு ‘எலுமிச்சை இல்லை, ஆகவே இன்று இதைச் செய்ய முடியாது’ என்ற நிலை வருவதில்லை.

மாற்றுப் பொருளைப் போடும்போது அளவை மாற்ற வேண்டுமா, நேரத்தை மாற்ற வேண்டுமா என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் விடை, சேர்க்கும் வரிசையில் இருக்கிறது. கெட்டியானவை முதலில், மென்மையானவை பிறகு, இலைகள் கடைசியில். கேரட்டும் கிழங்கும் பாதி வெந்த பிறகு பீன்ஸ், அது முக்கால் வெந்த பிறகு முட்டைகோஸ், அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன் கீரை என்று போனால், எந்தக் காய்கள் கிடைத்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் வெந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்ட வேண்டிய அவசரம் இருந்தால், கெட்டியானதைச் சிறிதாகவும் மென்மையானதைப் பெரிதாகவும் நறுக்கிக்கொண்டால் போதும்.

புளிப்புக்கு மட்டும் தனி விதி உண்டு. காய்களின் சுவர்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். புளிப்பு அதைக் கரையவிடாமல் தடுக்கும். ஆகையால் பயறும் கிழங்கும் வேகும் முன்பே தக்காளியையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்த்தவர், மணிக்கணக்கில் அடுப்பெரித்தாலும் விரும்பிய மென்மையைப் பெற மாட்டார். பச்சைக் காய்களில் புளிப்பு இன்னொரு வேலையையும் செய்கிறது: அவற்றின் பச்சையத்தை மாற்றி, பளிச்சென்ற நிறத்தை ஆலிவ் காய் போன்ற மங்கிய பழுப்புப் பச்சையாக்கிவிடுகிறது. பயறு விரைவில் வேகட்டும் என்று சிலர் சமையல் சோடாவைச் சேர்ப்பார்கள். அது அமிலத்துக்கு எதிரான தன் காரத்தன்மையால் பயற்றை மென்மையாக்கும் என்பது உண்மை, கூடவே தயமின் என்னும் வைட்டமினை அழிக்கும் என்பதும் உண்மை. இரவே ஊறவைத்துவிட்டால் அந்தச் சோடாவுக்கு வேலையே இல்லை. ஊறும் நீரில் உப்பைச் சேர்த்தால் பயறு வேகாது என்று பலரும் நம்புகிறார்கள். உப்பு நீரில் ஊறிய பயற்றின் தோல் உண்மையில் இன்னும் மென்மையாகவே வேகும்.

கெட்டிப்படுத்துவதிலும் காரணம் தெரிந்தால் போதும். பெரும்பாலான மாவுகளின் மாச்சத்து ஏறத்தாழ 60 முதல் 70 பாகைச் சூட்டில் நீரை இழுத்து உப்பத் தொடங்கி, கொதியை நெருங்கும்போது முழுமையாகக் குழம்பைப் பிடித்துக்கொள்கிறது. சூடான குழம்பில் உலர்ந்த மாவை நேரே போட்டால், ஒவ்வொரு துளி மாவின் வெளிப்பக்கமும் உடனே பசையாகி, உள்ளே மாவு உலர்ந்தபடியே கட்டி தட்டிவிடும். குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை. மாவே இல்லாவிட்டால், வெந்த கிழங்கையோ பருப்பையோ கரண்டியின் முதுகால் மசித்துவிட்டால் அதே வேலை நடக்கும். தயிரைச் சேர்ப்பதானால், அது திரியாதிருக்கச் சிறிது மாவைக் கலந்து அடித்து, தீயைக் குறைத்த பின் ஊற்றலாம். மணப்பொருள்களில் முழுதாக இருப்பவை எண்ணெயில் முதலிலேயே போகலாம், ஏனென்றால் அவற்றின் மணத்தைத் தரும் சேர்மங்களில் பெரும்பாலானவை எண்ணெயில்தான் நன்கு கரைகின்றன. பொடித்தவை நொடிப்பொழுதில் கருகிவிடுமாதலால், ஈரமுள்ள பொருள் வாணலிக்குள் வந்த பிறகு சேர்க்க வேண்டும்.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கிராம் கேட்டவரின் கவலையில் பெரும் பகுதி அதுதான் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலானோர் நாவுக்குப் பொருந்தும் உப்பு, சமைத்த உணவின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். இதை அறிந்துகொள்வது தொடக்கத்துக்கு உதவும். அதற்கு மேல் நாவை நம்புவதே வழி. கொதித்துச் சுண்டும் எந்த உணவிலும் நீர் குறையக் குறைய உப்பு ஏறும், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டுமே. எனவே தொடக்கத்தில் பாதி உப்பைப் போட்டு, சுண்டியபின் சுவைத்து மீதியைச் சேர்ப்பதே சரியான முறை. அடுப்பிலிருந்து எடுத்த மாத்திரத்தில் சுவைக்காமல், கரண்டியில் ஊதி ஆறவைத்துச் சுவைக்க வேண்டும். நா சுடும்போது சுவை சரியாகத் தெரிவதில்லை. சுவையில் ஏதோ குறைகிறது, என்னவென்று தெரியவில்லை என்றால், உடனே உப்பை நாடாமல் இரண்டு துளி எலுமிச்சைச் சாற்றைக் கரண்டியளவு உணவில் கலந்து பார்க்கலாம். பல நேரங்களில் குறைந்திருப்பது புளிப்பாகத்தான் இருக்கும். கசப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்பு அதை அடக்கும். புளிப்பு மிகுந்திருந்தால் சிறிது இனிப்பு அதைத் தணிக்கும். உப்பு கூடிவிட்ட குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டால் அது உப்பை மட்டும் தனியே இழுத்துக்கொள்ளும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. கிழங்கு உறிஞ்சுவது உப்பு கலந்த நீரை. மீந்த நீரில் உப்பின் செறிவு அநேகமாக அப்படியே இருக்கும். நீரையோ உப்பில்லாத பருப்பையோ காயையோ சேர்த்து அளவைக் கூட்டுவதைத் தவிர அதற்கு வேறு மாற்று இல்லை.

உடல்நலக் காரணத்தால் உப்பை எடைபோட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்களுக்கு இங்கு சொன்னது பொருந்தாது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அத்தகையோர் நாள் முழுவதற்குமான உப்பைக் காலையிலேயே அளந்து தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மட்டும் நாவறிந்து எடுத்துப் போடலாம். அளவும் கெடாது, சுவைக்கும் இடமிருக்கும்.

குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கும், வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சமைப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு பணப்பையோடு முடிவதில்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதிகளும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதால் அதிர்ச்சியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஆயினும் ஒரு குறிப்புக்காக வாங்கிய கீரைக் கட்டில் இரண்டு கொத்து மட்டும் பயன்பட்டு, மீதி குளிர்பெட்டியின் மூலையில் அழுகுவது நாம் எல்லோரும் அறிந்ததே. இன்று வாடத் தொடங்கியிருப்பது எது என்று பார்த்து, அதிலிருந்து சமையலைத் தொடங்குபவர் வீட்டில் அது நடப்பது அரிது.

இவ்வளவும் சொன்னபின், இஷ்டம்போல் செய்யக் கூடாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். கேக், பிஸ்கட் போன்ற அடுமனைப் பண்டங்களில் அளவுதான் அமைப்பு. அடுப்புக்குள் போனபின் சுவைத்துத் திருத்த வழியில்லை. அங்கே கிராமும் தராசும் கட்டாயம், அந்த மட்டில் அவ்வாசகரோடு நான் முழுக்க உடன்படுகிறேன். இதைவிட முக்கியமானவை உயிரோடு தொடர்புடைய விதிகள். ராஜ்மா எனப்படும் சிவப்புப் பயற்றில் இயற்கையாகவே இருக்கும் லெக்டின் நச்சு, நன்கு வேகாத நாலைந்து பயறுகளிலேயே கடும் வாந்தியை உண்டாக்கிவிடும். அதை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம், கூடுமானால் 30 நிமிடம், தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கொதிநிலைக்குப் போகாமல் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரங்களில் அதை நேரே போடுவது ஆபத்து. பச்சை படர்ந்து கசக்கும் உருளைக்கிழங்கின் நச்சு வேகவைத்தாலும் போகாது. பூண்டை எண்ணெயில் போட்டு அறைச்சூட்டில் நாள்கணக்கில் வைப்பது, காற்றில்லாத இடத்தில் வளர்ந்து உயிரைக் குடிக்கும் நச்சை உமிழும் பாட்டுலிசக் கிருமிக்கு வாய்ப்பளிப்பதாகும். புட்டியில் அடைத்துச் சேமிக்கும் எதிலும் புளிப்பின் அளவைக் குறைக்கக் கூடாது. எண் குறையக் குறையப் புளிப்பு கூடுவதைக் காட்டும் பிஹெச் (pH) என்ற அமில அளவீடு 4.6-க்குக் கீழே இருந்தால்தான் அக்கிருமி வளராது.

மீந்த உணவுக்கும் இப்படியொரு விதி உண்டு, குறிப்பாகச் சோற்றுக்கு. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பி, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகுகின்றன. அவை உமிழும் வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு கிருமிகளுக்கு உகந்தது என்பதால், சமைத்த எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல், அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மீந்த சோற்றை எப்படி மறுநாள் புதுப்பிக்கலாம் என்ற குறிப்புகளைப் பல இதழ்களில் பார்க்கிறேன். ‘அரை தேக்கரண்டி மிளகுத்தூள்’ என்று கறாராக எழுதும் அக்குறிப்புகளில், அந்தச் சோறு இரவு முழுவதும் எங்கே இருந்திருக்க வேண்டும் என்ற ஒரு வரி இருப்பதில்லை. தளர்த்த வேண்டிய இடத்தில் கறாரும், கறாராக இருக்க வேண்டிய இடத்தில் மௌனமும் என்பதுதான் அச்சுச் சமையலின் மேல் எனக்குள்ள பெரிய குறை.

புதிதாகத் தொடங்குபவரிடம் ‘மனம்போல் சமையுங்கள்’ என்று சொன்னால் அவர் மலைத்துப்போவார் என்ற எதிர்வாதத்தை நான் அறிவேன். அதில் பாதி சரி. முதல் சில முறை ஒரு குறிப்பை வரிக்கு வரி பின்பற்றுவது நல்லதே. ஆனால் அந்த வரிகளில் காரணமும் பதமும் எழுதப்பட்டிருந்தால், அவர் ஐந்தாறு குறிப்புகளிலேயே சமைக்கக் கற்றுக்கொள்வார். எழுதப்படாவிட்டால் ஐந்நூறு குறிப்புகளுக்குப் பிறகும் ஒரு பொருள் குறைந்தால் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார்.

ஆகவே தங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் மூன்று செய்திகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: இதில் எதற்கு எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம், எதை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. ‘நான்கு பேருக்கு’ என்பதோடு, பாத்திரம் எத்தனை அங்குல அகலமுள்ளது என்பதையும் குறிப்பிட்டால், நேரக் கணக்குகளுக்குக் கொஞ்சமாவது பொருள் இருக்கும். நிமிடங்களை எழுதும் இடங்களில் அறிகுறியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: கரண்டியின் முனையால் அழுத்தினால் கிழங்கு விரிய வேண்டும், எண்ணெய் ஓரங்களில் பிரிந்து வர வேண்டும், கரண்டியின் முதுகில் விரலால் கோடு கிழித்தால் அக்கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும் என்பன போல. இடமில்லை என்பது தங்கள் பதிலாக இருக்குமானால், அலங்கரித்த தட்டின் படம் அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருப்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். முடிந்துபோன உணவின் தோற்றம் சமைப்பவருக்கு எந்த வழியையும் காட்டாது. அந்த இடத்தில் வெங்காயத்தின் மூன்று நிலைகளை மூன்று சிறு படங்களாகப் போடலாம். நாளிதழ்த் தாளில் நிறம் சரியாக விழாது என்று அச்சுப் பிரிவினர் சொன்னால், அந்த நிறங்களைச் சொற்களில் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்